கருக்கலைப்பு மாத்திரைகளும் திருச்சபையும்: எந்த மருந்தில், எந்தச் செயலில் பாவம்?

#1 செவிலிப்பாடம்

திருமண ஆயத்த வகுப்புக்கான குறிப்பு ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. "கருக்கலைப்பு மாத்திரை" என்ற ஒரே பெயருக்குள் ஐந்து மருந்துகள் அதில் கலந்து கிடக்கின்றன.

மைஃபெப்ரிஸ்டோன் கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வேலை செய்யாதபடி அதன் ஏற்பிகளை அடைக்கும். கருப்பையின் உட்சுவர் சிதைந்து கரு பிடிமானம் இழக்கும். மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்க வைக்கும், கருப்பை வாயை இளக்கும். முதலில் வயிற்றுப்புண்ணுக்கு வந்த மாத்திரை அது. மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்தை மறித்து, வேகமாகப் பெருகும் செல்களைத் தடுக்கும்; கருக்குழாய் கர்ப்பத்துக்கு ஊசியாகப் போடுகிறார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மி.கி., 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை. ஐந்தாவது சென்ட்குரோமேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் "சாயா" என்ற பெயரில் இலவசமாகக் கொடுப்பது.

முதல் இரண்டும் சேர்ந்த காம்பி பேக்கைத்தான் சட்டம் கருக்கலைப்பு மருந்து என்கிறது. மற்ற மூன்றையும் அதே வரியில் எழுதலாமா? ஃபாதர்மாரும் டாக்டர்மாரும் சொல்லுங்கள்.

#2 அருட்பணி_ஒழுக்கவியல்

நல்ல கேள்வி சிஸ்டர். முதலில் திருச்சபை எதைச் சொல்லியிருக்கிறது என்று பார்ப்போம், மருந்துகளுக்குப் பிறகு வருவோம்.

கருவை மருந்தால் அழிப்பது நம் காலத்துக் கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத் திருச்சபையின் "திதாக்கே" போதனையிலேயே கருக்கலைப்பு விலக்கப்பட்டிருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் புனித பசிலியார் தம் 188ஆம் கடிதத்தில், கருவைக் கலைக்கும் மருந்தைக் கொடுப்பவரையும் உட்கொள்பவரையும் சேர்த்தே கண்டிக்கிறார். உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்ற பிரிவினை தமக்குத் தேவையில்லை என்றும் எழுதுகிறார். அதே இடத்தில், அந்தப் பெண்ணின் தவக்காலம் சாகும்வரை நீளக் கூடாது, பத்து ஆண்டு போதும், காலத்தைவிட மனமாற்றத்தின் தன்மையே அளவு என்கிறார். கண்டிப்பும் இரக்கமும் ஒரே பத்தியில் வருவதைக் கவனியுங்கள். வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் காலத்துக்கு மூன்று ஆவணங்கள் போதும். இரண்டாம் யோவான் பவுலின் "எவாஞ்செலியும் வீத்தே" (1995), எண் 62: நேரடிக் கருக்கலைப்பு, நோக்கமாக இருந்தாலும் வழிமுறையாக இருந்தாலும், எப்போதுமே கடுமையான ஒழுக்கத் தவறு. அதே மடலின் எண் 13, மருத்துவ உதவி இல்லாமலே தாயின் வயிற்றில் கருவைக் கொல்லக்கூடிய மருந்துகளைத் தயாரிக்கப் பணம் கொட்டப்படுவதைக் குறித்து எச்சரிக்கிறது. மைஃபெப்ரிஸ்டோன் 1988-ல் பிரான்சில் அனுமதி பெற்று ஏழே ஆண்டுகள் ஆன நேரம் அது. மூன்றாவது, விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் "திக்னித்தாஸ் பெர்சோனே" (2008), எண் 23. கரு பதியாமல் தடுப்பவை, பதிந்த கருவை வெளியேற்றுபவை என்று அது இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டாவது வகைக்கு ஆர்யு 486 (மைஃபெப்ரிஸ்டோன்தான்), செயற்கை புரோஸ்டாகிளாண்டின் (மிசோப்ரோஸ்டால் இந்த வகை), மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஆனால் அந்தப் பட்டியலைக் கிழித்து மருந்தலமாரியில் ஒட்டினால் தப்பாகிவிடும். ஆவணம் பேசுவது கருவை வெளியேற்றும் செயலைப் பற்றி. அதே புரோஸ்டாகிளாண்டின் வேறொரு செயலுக்கும் பயன்படும். அதை டாக்டர் விளக்கட்டும்.

#3 மகப்பேறு_மதுரை

மிசோப்ரோஸ்டாலுக்குப் பிரசவ வார்டில் எத்தனை வேலை என்று பாருங்கள். குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கு வராமல் இருக்க, ஆக்சிடோசின் கிடைக்காத இடத்தில், வாய்வழி 600 மைக்ரோகிராம். ரத்தப்போக்கு வந்துவிட்டால் நாக்கடியில் 800. நிறைமாதத்தில் வலி வரவழைக்க வெறும் 25. இவற்றில் கருக்கலைப்பு எங்கே இருக்கிறது? கத்தோலிக்க மருத்துவமனை இந்த மருந்தை வாங்கவே மாட்டோம் என்று முடிவெடுத்தால், செத்துப்போவது பிரசவித்த தாய்.

அடுத்தது, வயிற்றிலேயே இறந்துவிட்ட கரு. "மிஸ்டு அபார்ஷன்" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதுவதால் பல குடும்பங்கள் பயந்துபோகின்றன. அந்த "அபார்ஷன்" தானாகக் கரு இறந்ததைக் குறிக்கும் மருத்துவச் சொல். யாரும் எதையும் கலைக்கவில்லை. கருப்பையைக் காலி செய்ய மிசோப்ரோஸ்டால் மட்டுமோ, முன்னால் மைஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. சேர்த்தோ கொடுப்போம். சேர்த்துக் கொடுத்தால் முழுமையாக வெளியேறும் வாய்ப்பு கூடுகிறது. இறந்த கருவை வெளியேற்றுவதில் கொலை எங்கிருந்து வரும்?

ஒழுக்கக் கேள்வி எழுவது இறந்துவிட்டது என்று உறுதி செய்யும் இடத்தில். பெண்ணுறுப்பு வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் இதயத்துடிப்பு இல்லை என்றால் உறுதி. கர்ப்பப் பையின், அதாவது கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பையின், சராசரி விட்டம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கரு இல்லை என்றாலும் உறுதி. அதற்குக் கீழே எந்த அளவாக இருந்தாலும் "சந்தேகம்" என்றுதான் எழுத வேண்டும். 7 முதல் 14 நாள் கழித்து மறு ஸ்கேன். நாள் கணக்குத் தவறிய பெண்ணுக்கு 5 மி.மீ. கருவில் துடிப்பு தெரியவில்லை என்று அன்றைக்கே மாத்திரை எழுதுவது மருத்துவத் தவறு. உயிருள்ள குழந்தையாக இருக்கலாம் என்று தெரிந்தே கொடுத்தால் ஒழுக்கத் தவறும்தான்.



#4 பாளைமணி

டாக்டர் சொன்னதோடு ஒன்று. சுசுருத சம்ஹிதையும் இதே கோட்டைத்தான் போடுகிறது. குறுக்கே சிக்கிய கரு உயிரோடு இருந்தால் ஆயுதம் வைக்காதே, இறந்திருந்தால் ஒரு முகூர்த்தம்கூடத் தாமதிக்காதே, தாயைக் கொன்றுவிடும் என்கிறது. உயிர் இருக்கிறதா என்பதை முதலில் கேட்கும் வழக்கம் மதங்களைத் தாண்டி வைத்தியத்தில் பழையது.

#5 விண்மீன்77

இவ்வளவு நுணுக்கம் வைத்தால் மக்கள் ஓட்டை தேடுவார்கள். காம்பி பேக் வாங்கியவர், கொடுத்தவர், எழுதியவர் எல்லாருக்கும் உடனே சபைநீக்கம், அவ்வளவுதான் என்று சொன்னால் போதாதா?

#6 அருட்பணி_ஒழுக்கவியல்

போதாது தம்பி. அது உண்மையும் இல்லை.

2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தப்பட்ட திருச்சபைச் சட்டத்தில் அது 1397ஆம் பிரிவு, உட்பிரிவு 2. பழைய எண் 1398. கருக்கலைப்பு செய்து, அது நிறைவேறியும் விட்டால் தன்னியல்பான சபைநீக்கம், அதாவது யாரும் விதிக்காமலே தானாக விழும் தண்டனை. மாத்திரையாலும் அது பொருந்துமா என்ற ஐயத்தை 1988-லேயே சட்ட விளக்கக் குழு தீர்த்துவிட்டது: எந்த முறையாயினும், கருத்தரித்ததற்குப் பின் எந்தக் காலமாயினும் பொருந்தும். உடனிருந்தவர்களுக்கு 1329: அவர்கள் இல்லாமல் அந்தச் செயல் நடந்திருக்காது என்றால் மட்டும்.

இனி, சட்டமே வைத்திருக்கும் விலக்குகளைப் பாருங்கள். 1323: 16 வயது நிறையாதவருக்குத் தண்டனையே இல்லை. 1324: 18 நிறையாதவர், கடும் அச்சத்தால் செய்தவர், இப்படி ஒரு தண்டனை இருப்பதைத் தன் தவறின்றி அறியாதவர், இவர்கள்மீது தன்னியல்பான தண்டனை விழாது. மாமியாரும் கணவனும் மிரட்டி மாத்திரையை விழுங்க வைத்த பெண்ணை, கல்லூரியில் ஏமாற்றப்பட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பாவம் வேறு, சட்டத் தண்டனை வேறு. செயலின் கனம் குறையவில்லை. செய்தவரின் பொறுப்பு ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொன்று, பங்கில் பலருக்கு இன்னும் தெரியவில்லை. இந்தப் பாவத்தை மன்னிக்க ஆயரிடம் போக வேண்டியதில்லை. 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் "மிசெரிகோர்தியா எத் மீசெரா" மடலில் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தை வழங்கினார். எந்தக் கோயிலிலும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். இதை வகுப்புக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே போடுங்கள் சிஸ்டர், கடைசிப் பக்கத்தில் வேண்டாம்.

#7 குமரிக்கரை

ஃபாதர் சொன்னது இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கான சட்டம். எங்கள் பக்கம் தக்கலை, மார்த்தாண்டம் மறைமாவட்டங்களில் சீரோ மலபார், சீரோ மலங்கரைக் குடும்பங்கள் நிறைய. கீழைத் திருச்சபைகளின் சட்டத்தில் தன்னியல்பான சபைநீக்கம் என்பதே கிடையாது. 1450ஆம் பிரிவு தண்டனையைச் சொல்கிறது, ஆனால் அது விதிக்கப்பட்டால்தான் விழும். பாவமன்னிப்பை 728ஆம் பிரிவு ஆயருக்கு ஒதுக்கியிருந்தது; ஃபாதர் சொன்ன 2016 மடல் எல்லாக் குருக்களுக்கும் என்கிறது. கணவன் இலத்தீன், மனைவி மலங்கரை என்ற வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

#8 அருட்பணி_ஒழுக்கவியல்

சரியான திருத்தம், நன்றி.

#9 மருந்துமேசை

மருந்துக்கடைப் பக்கத்தையும் பேசுவோம். காம்பி பேக்கில் மைஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. எழுதுபவரும் கருக்கலைப்புச் சட்டப்படி தகுதி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். 1971 சட்டம், 2021 திருத்தம் இரண்டுமே மருத்துவருக்குப் பாதுகாப்புத் தருகின்றன. மனச்சாட்சி மறுப்புக்கென்று தனிப் பிரிவு அதில் இல்லை.

தமிழ்நாட்டில் பல கடைகள் இந்தப் பேக்கை வைப்பதே இல்லை. காரணம் பக்தி அல்ல, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் கணக்குக் கேட்பு. என் கேள்வி இது: கத்தோலிக்கர் ஒருவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கடையில் சரியான சீட்டோடு ஒருவர் வந்தால்? எடுத்துக் கொடுத்தால் அவரும் பங்காளியா? மிசோப்ரோஸ்டால் மட்டும் எழுதிய சீட்டு வந்தால், அது எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

#10 அருட்பணி_ஒழுக்கவியல்

உடன்பாடு இரண்டு வகை. செயலின் நோக்கத்தையே ஏற்று உதவுவது ஒன்று. அது எப்போதும் தவறு. நோக்கத்தை ஏற்காமல் பொருளளவில் உதவுவது இன்னொன்று. அதில் செயலுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார், மறுத்தால் எவ்வளவு இழப்பார் என்று எடை போட வேண்டும். மொத்த வியாபாரியின் பெட்டியைத் தூக்கி வைக்கும் தொழிலாளி தூரத்தில் இருக்கிறார். எதற்கு என்று தெரிந்தே காம்பி பேக்கை எடுத்துக் கையில் கொடுப்பவர் மிக அருகில் இருக்கிறார். பதினாறாம் பெனடிக்ட் 2007 அக்டோபரில் கத்தோலிக்க மருந்தாளுநர் மாநாட்டில் பேசும்போது, இந்த இடத்தில் மனச்சாட்சி மறுப்பு அவர்களுடைய உரிமை என்றார்.

மிசோப்ரோஸ்டால் மட்டும் வந்தால் நிலைமை வேறு. கரு இறந்ததற்கோ, கருப்பைக்குள் ஸ்கோப் போடுவதற்கு முன் கருப்பை வாயை இளக்குவதற்கோ எழுதியிருக்கலாம். நல்ல பயன் நிகழக்கூடியதாக இருக்கும்போது கெட்டதை ஊகித்து மறுக்கும் கடமை மருந்தாளுநருக்கு இல்லை. கரு இறந்து வலியோடு வந்திருக்கும் பெண்ணைக் கடை வாசலில் விசாரிப்பது அன்புக்கு எதிரான பாவம் என்பேன்.

மறுப்பதாக இருந்தால் முதலாளியிடம் வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் பிரசங்கம் வேண்டாம்.

#11 மகப்பேறு_மதுரை

சிஸ்டர் கேட்டதில் கடினமானது மெத்தோட்ரெக்சேட். ஃபாதர், ஆவணம் அதைப் பெயர் சொல்லிக் கண்டித்ததாக நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் கருக்குழாய் கர்ப்பத்துக்கு நாங்கள் போடும் ஊசி?

நடைமுறை இது. ரத்தக்கசிவு இல்லாத, குழாய் வெடிக்காத, கருவில் துடிப்பு இல்லாத, எச்சிஜி (கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்) அளவு பொதுவாக 5000-க்குள் இருக்கும் பெண்ணுக்கு உடல் பரப்பளவின் ஒரு சதுர மீட்டருக்கு 50 மி.கி. தசையில். முன்னதாக ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகச் சோதனை. ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டும். அதைத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டே வந்து ஊசி வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு. 4ஆம் நாளும் 7ஆம் நாளும் எச்சிஜி பார்த்து, இடையில் 15 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது ஊசி அல்லது அறுவை. குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும்.

#12 அருட்பணி_ஒழுக்கவியல்

இங்கே கத்தோலிக்க இறையியலாளர்கள் உண்மையாகவே பிரிந்து நிற்கிறார்கள். அதை மறைத்து ஒரே பதில் சொல்வது நேர்மையாகாது.

எல்லாரும் ஏற்பது குழாயை வெட்டி எடுக்கும் அறுவை. நோயுற்ற உறுப்பை நீக்குகிறோம். கருவின் இறப்பு முன்கூட்டியே தெரிந்தாலும் அது நோக்கமும் அல்ல, வழிமுறையும் அல்ல. தோமா அக்குவினாரின் தற்காப்பு பற்றிய விளக்கத்திலிருந்து வளர்ந்த இரட்டை விளைவுக் கோட்பாடு இதுதான். அமெரிக்க ஆயர்களின் மருத்துவ நெறிமுறை எண் 47-ம் இதையே சொல்கிறது: தாயின் கடும் நோய்க்கான சிகிச்சையைக் குழந்தை வெளியே பிழைக்கும் காலம்வரை தள்ளிப்போட முடியாதென்றால், குழந்தை இறக்க நேர்ந்தாலும் அனுமதி உண்டு. எண் 48, கருப்பைக்கு வெளியே உள்ள கர்ப்பத்திலும் நேரடிக் கருக்கலைப்பு கூடாது என்கிறது. ஆனால் எந்தச் சிகிச்சை நேரடி, எது மறைமுகம் என்று பெயர் சொல்லவில்லை.

ஒரு சாரார் சொல்வது: மெத்தோட்ரெக்சேட் தாக்குவது கருவின் புறச்செல் படலத்தை (பின்னால் நஞ்சுக்கொடியாக வளரும் பகுதி), அது கருவின் சொந்த உறுப்பு, எனவே நேரடித் தாக்குதல். மறுசாரார் சொல்வது: அந்தப் படலம் குழாய்ச் சுவரை அரித்துக்கொண்டு போவதுதான் நோய்; மருந்து அந்த அரிப்பை நிறுத்துகிறது. உரோமை இந்தக் குறிப்பிட்ட சிகிச்சை பற்றித் தனித் தீர்ப்பு எதுவும் தரவில்லை. "திக்னித்தாஸ் பெர்சோனே" அதைப் பெயரிட்டது கர்ப்பத்தை வேண்டாம் என்று கலைக்கும் பயன்பாட்டின் சூழலில். அப்படித் தீர்ப்பு இல்லாத இடத்தில், நல்ல மனச்சாட்சியோடு ஊசியை ஏற்கும் பெண்ணைக் குற்றவாளி என்று சொல்ல எந்தக் குருவுக்கும் அதிகாரம் இல்லை.

எனக்கு முதல் தரப்பின் வாதம் கனமாகப் படுகிறது. ஆனாலும் டாக்டர் சொன்ன நிபந்தனையிலேயே, துடிப்பு இல்லாத கரு என்றீர்களே, பல நேரம் கரு ஏற்கனவே இறந்திருக்கும். அப்போது இந்த விவாதமே எழாது.

#13 மகப்பேறு_மதுரை

நான் இரண்டாவது தரப்பு. ஆனால் இருவரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது, அதில்தான் உண்மையில் தவறுகள் நடக்கின்றன. ஸ்கேனில் கருப்பைக்குள் எதுவும் தெரியவில்லை, குழாயிலும் தெரியவில்லை, எச்சிஜி மட்டும் 1800. இது "இடம் தெரியாத கர்ப்பம்". கருப்பைக்குள்ளேயே வளரும், இன்னும் கண்ணுக்குத் தெரியாத நல்ல குழந்தையாக இருக்கலாம். அவசரப்பட்டு மெத்தோட்ரெக்சேட் போட்டால் குழந்தை இறக்கும், அல்லது மண்டையோடும் கைகால்களும் ஊனமாகப் பிறக்கும். பெண் நிலையாக இருந்தால் 48 மணி நேரம் கழித்து எச்சிஜியை மறுபடி பாருங்கள், ஸ்கேனை மறுபடி எடுங்கள். இந்த இரண்டு நாள் காத்திருப்பு இறையியல் விவாதம் எல்லாவற்றையும்விட அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றும். எச்சிஜி தானே இறங்கிக்கொண்டிருந்தால் ஊசியே வேண்டாம், கண்காணித்தால் போதும்.

#14 செவிலிப்பாடம்

இதை அப்படியே குறிப்பில் சேர்க்கிறேன் டாக்டர். இப்போது சாயா. கிராமப் பங்குகளில் அதிகம் கேட்பது இதைத்தான். லக்னோவின் மத்திய மருந்தாய்வு நிறுவனத்தில் கண்டுபிடித்தது, 1990-களில் "சகேலி" என்று விற்றது, 2016-ல் இருந்து அரசுத் திட்டத்தில் சாயா. 30 மி.கி., முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. "ஹார்மோன் இல்லை, பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது" என்று கிராமச் செவிலியர் சொல்கிறார். ஹார்மோன் இல்லை என்பதால் பாவம் இல்லை என்று மக்கள் புரிந்துகொள்கிறார்கள்.

#15 மகப்பேறு_மதுரை

சென்ட்குரோமேன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்காரும். முட்டை வெளிவருவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. கருப்பையின் உட்சுவர் தயாராகும் காலத்தையும் கரு வந்து சேரும் காலத்தையும் ஒத்துப்போகாமல் செய்துவிடுகிறது. கரு வரும், பதிய இடம் தயாராக இருக்காது.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் இதற்கு நேர்மாறு. முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோன் ஏறுவதற்கு முன் போட்டால் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். எல்எச் ஏறிவிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் பயனில்லை. கரு பதிவதைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்த வாசகத்தைத் தாளிலிருந்தே நீக்கியது. ஆக, ஊரில் எல்லாரும் கருக்கலைப்பு மாத்திரை என்று பயப்படும் "ஐ-பில்" முட்டையை நிறுத்துகிறது. யாரும் பயப்படாத சாயா கரு பதிவதைத் தடுக்கிறது.

#16 அருட்பணி_ஒழுக்கவியல்

டாக்டர் சொன்னது அப்படியே "திக்னித்தாஸ் பெர்சோனே" சொல்லும் முதல் வகை, பதியாமல் தடுப்பவை. கத்தோலிக்கத் தம்பதியருக்குச் சாயா கூடாது. ஹார்மோன் இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. அதே மருந்தை அதிக மாதவிடாய்ப் போக்குக்குச் சிகிச்சையாக எழுதினால், "ஹுமானே வீத்தே" (1968) எண் 15 சிகிச்சைக்கு இடம் தருகிறது. ஆனால் கருவொன்று பதியாமல் அழியும் வாய்ப்பு இருப்பதால் சிகிச்சைக் காலத்தில் உறவைத் தவிர்ப்பது நல்லது என்று தம்பதியிடம் சொல்ல வேண்டும்.

லெவோநார்ஜெஸ்ட்ரெல் மண உறவுக்குள் கருத்தடையாகவே தவறு. அதைக் கருக்கலைப்பு என்று சேர்த்து எழுத வேண்டாம். வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் நிலை தனி. அவள் மறுத்த உறவு அது. கருத்தரிப்பதைத் தடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ள உரிமை உண்டு. ஏற்கனவே கர்ப்பம் இல்லை என்று சோதித்துவிட்டுக் கொடுக்கலாம் என்பது அமெரிக்க நெறிமுறை எண் 36. 2013 பிப்ரவரியில் ஜெர்மன் ஆயர்களும் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கு அவ்வாறே அனுமதித்தார்கள். நம் மருத்துவமனைகளில் இதை மறுத்து அனுப்பினால் அது அறியாமை.

#17 செவிலிப்பாடம்

பால் கொடுக்கும் தாய்க்கு மாற்று கேட்பவர்களுக்கு: குழந்தைக்கு ஆறு மாதம் நிறையவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால் 98 சதவீதப் பாதுகாப்பு. தண்ணீர், கிரைப் வாட்டர் கொடுத்தாலோ, இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டாலோ கணக்குக் கெடும். மூன்றில் ஒன்று தவறியதும் அடுத்த வழிக்கு மாற வேண்டும்; அதற்குள் வெண்கசிவைக் கவனிக்கும் பில்லிங்ஸ் முறையைத் தாய் கற்றிருக்க வேண்டும்.

#18 நாகூர்க்காற்று

கத்தோலிக்க இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கமும் இதே மாத்திரைகளைக் கேட்கிறார்கள், பதில் வேறு மாதிரி அமையும். இப்னு மஸ்ஊத் ஹதீஸின்படி 40, 40, 40 என்று 120 நாளில் ரூஹ் (உயிர்) ஊதப்படுகிறது. அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து தவிர வேறு எதற்கும் கலைப்பது ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு முன்தான் மத்ஹபுகள் (ஹனஃபி, ஷாஃபிஈ போன்ற சட்ட வழிமுறைகள்) பிரிகின்றன. ஹனஃபி சட்ட நூல்களில் தகுந்த காரணம் இருந்தால் இடம் தந்தவர்கள் உண்டு. கடற்கரை ஊர்களில் நாங்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. இமாம் கஸ்ஸாலி விந்து கருப்பையில் தரித்த நேரம் முதலே அது குற்றம், வளர வளரக் குற்றம் கூடுகிறது என்கிறார். 1990-ல் மக்காவின் ஃபிக்ஹ் சபை 120 நாளுக்குள், தீர்க்க முடியாத கடும் ஊனத்தை மருத்துவர் குழு உறுதி செய்தால், பெற்றோர் கேட்டால் அனுமதித்தது.

ஒரு நடைமுறைத் தவறு. டாக்டர்கள் சொல்லும் வாரக் கணக்கு கடைசி மாதவிடாயிலிருந்து. ஹதீஸின் நாள் கருத்தரித்ததிலிருந்து. 120 நாள் என்பது டாக்டரின் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். 17 வாரம் என்று நினைத்து இரண்டு வாரத்தைத் தொலைப்பவர்களும் உண்டு, சந்தேகத்தில் வரம்பைத் தாண்டுபவர்களும் உண்டு. ஆலிமிடம் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

#19 அருட்பணி_ஒழுக்கவியல்

வாருங்கள் பாய், மன்னிப்பு எதற்கு. எங்களிடமும் உயிர் எந்த நாளில் வருகிறது என்ற விவாதம் இருந்தது. 40 நாள் கணக்கு அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்தது. 1974-ல் உரோமை அந்தக் கேள்வியைத் திறந்தே வைத்தது: ஆன்மா இருக்கக்கூடும் என்ற நிலையே போதும், அந்த ஐயத்தோடு அழிக்கத் துணிவது தவறு என்றது. புதரில் அசைவது மானா மனிதனா என்று தெரியாமல் வேடன் அம்பு விடக் கூடாது என்பது போல.

#20 விண்மீன்77

முதல் மாத்திரையைப் போட்டபின் மனம் மாறினால், புரோஜெஸ்டிரோன் கொடுத்துத் திருப்பிவிடலாம் என்கிறார்களே? இதைப் பங்குகளில் பரப்பலாமா?

#21 மகப்பேறு_மதுரை

பரப்ப வேண்டாம். பலன் நிரூபிக்கப்படவில்லை. 2019-ல் வெளியான ஒரு சோதனையில் 40 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 12 பேரில் மூவருக்குக் கடும் ரத்தப்போக்கு வந்ததால் நிறுத்தினார்கள். அந்த மூவரில் ஒருவர் புரோஜெஸ்டிரோன் பெற்றவர், இருவர் போலி மாத்திரை பெற்றவர்கள்.

மனம் மாறிய பெண்ணுக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது: மிசோப்ரோஸ்டாலைப் போடாதே. மைஃபெப்ரிஸ்டோன் மட்டும் போட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கர்ப்பம் தொடரும். அது ஊனம் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. மிசோப்ரோஸ்டாலோ முகநரம்பு, கைகால் ஊனங்களோடு தொடர்புடையது. உடனே ரத்த வங்கி உள்ள மருத்துவமனைக்குப் போகட்டும், வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

#22 குமரிக்கரை

பனிக்குடம் 17, 18 வாரத்தில் உடைந்து, தொற்று ஏறி, குழந்தையின் துடிப்பு மட்டும் இருக்கும் நிலை? மிசோப்ரோஸ்டாலோ ஆக்சிடோசினோ கொடுத்தால் கருக்கலைப்பா? கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வேயில் இப்படித்தானே இறந்தார்.

#23 அருட்பணி_ஒழுக்கவியல்

அந்த இறப்புக்குப் பிறகு "கத்தோலிக்கப் போதனை கொன்றது" என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். சட்டத்துக்கும் அச்சத்துக்கும் இடையில் மருத்துவர்கள் தயங்கினார்கள், நோய்த்தொற்றின் அறிகுறிகளும் நேரத்துக்குக் கவனிக்கப்படவில்லை. போதனை அந்தத் தயக்கத்தைக் கேட்கவில்லை. கருப்பையில் தொற்று உறுதியானதும் நோயின் இருப்பிடம் அழுகிய சவ்வும் நஞ்சும். அதை வெளியேற்றப் பிரசவ வலி வரவழைப்பது நான் சொன்ன அமெரிக்க நெறிமுறை எண் 47-ன் கீழ் நேராக வரும். குழந்தை பிழைக்காது என்பது நெஞ்சைப் பிளக்கும் விளைவு, ஆனால் வழிமுறை அல்ல. துடிப்பு நிற்கட்டும் என்று தாயைச் சாகவிடுவது புனிதமல்ல. இதைச் சத்தமாகச் சொல்லாமல் இருந்தது எங்கள் குற்றம்.

#24 மகப்பேறு_மதுரை

அந்தத் தொற்றின் அறிகுறிகள்: காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டுவது, தாயின் நாடி 100-க்கு மேல், வயிறு தொட்டால் வலி, நாற்றமுள்ள கசிவு. எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்காதீர்கள்.

#25 மருந்துமேசை

யாரோ எங்கோ வாங்கி மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தத்தோடு கத்தோலிக்க மருத்துவமனைக்கு வந்தால்?

#26 செவிலிப்பாடம்

சிகிச்சை, உடனே. நடந்த செயலில் அது பங்கெடுப்பது ஆகாது. பெரிய பேட் மணிக்கு இரண்டு வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் அவசரம். காய்ச்சலோ, மயக்கமோ இருந்தால் அவசரம். தோள்பட்டை வலி இருந்தால் வெடித்த கருக்குழாயை நினையுங்கள். ஸ்கேன் இல்லாமல் மாத்திரை போட்டவர்களில் குழாய்க் கர்ப்பம் மறைந்திருக்கும், காம்பி பேக் அதைக் கலைக்காது. உள்ளே மிச்சம் இருந்தால் கையுறிஞ்சி கொண்டு அகற்ற வேண்டும்.

அவள் பெயரை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம், ஓராண்டு வரை சிறை. 18 வயதுக்குள் என்றால் போக்சோ அறிக்கை கட்டாயம். சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் அதில் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. வார்டில் ஜெபமாலையைக் கையில் திணித்துக் கேள்வி கேட்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அவளே கேட்டால் குருவை அழைக்கலாம்.

ஃபாதர், ஒரு கடைசிக் கேள்வி. தொற்றுக்காக வலி வரவழைத்து 18 வாரத்தில் பிறந்து, சில நிமிடம் துடிக்கும் குழந்தைக்கு?

#27 அருட்பணி_ஒழுக்கவியல்

திருச்சபைச் சட்டம் 871ஆம் பிரிவு: கலைந்த கரு உயிரோடு இருந்தால், முடிந்தவரை திருமுழுக்குக் கொடுக்க வேண்டும். குருவைத் தேட நேரமில்லை. செவிலியரே கொடுக்கலாம், கிறிஸ்தவரல்லாத செவிலியரும் கொடுக்கலாம், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் போதும். வெறும் தண்ணீர். தலையில் ஊற்றிக்கொண்டே "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." சவ்வுப் பை கிழியாமல் முழுதாக வந்தால், பையைத் திறந்து தண்ணீர் குழந்தையின் உடலில் படச் செய்யுங்கள், பையின்மேல் ஊற்றுவது போதாது. துடிப்பு இருக்கிறதா என்ற சந்தேகம் என்றால் "நீ உயிரோடு இருந்தால்" என்று முன்னால் சேர்த்துச் சொல்லுங்கள்.

இறந்தே பிறந்தால் திருமுழுக்கு இல்லை. ஆனால் பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தார்கள் என்றால் 1183-ன்படி ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு உண்டு. பெயர் வைக்கலாம். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி அந்தச் சிறு உடல் கழிவுக்கான மஞ்சள் பைக்குப் போய்விடும். பை கட்டப்படுவதற்கு முன்பே, பிரசவ அறையிலேயே, தாயிடம் கேளுங்கள். எழுத்தில் வாங்கிக் குடும்பத்திடம் ஒப்படைக்கக் கண்காணிப்பாளரிடம் பேசுங்கள். மறுநாள் கேட்டால் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.